ஏழு நாளும் கூடச் செல்பவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

நெடுந்தூர ஓட்டம் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஓடுபவர்களிடமிருந்து அல்லாமல், அவர்களுக்குத் துணையாகச் செல்லவோ அவர்களை வழியில் வரவேற்கவோ இருப்பவர்களிடமிருந்து வந்திருக்கின்றன. துணை செல்பவர்களின் வேலையைப் பற்றி எவரும் விரிவாகக் கேட்பதில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் இந்த நான்கு பேருக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: 29 வயதான என் தம்பி, வரும் தை மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாகத் தெற்கு நோக்கி ஏழு நாட்களில் ஏழு மரதன் ஓடுவதற்கு ஆயத்தம் செய்கிறான். சேரும் பணத்தைப் புற்றுநோயாளர் பராமரிப்புக்குக் கொடுப்பது அவனுடைய எண்ணம். நானும் என் கணவரும் வானில் கூடச் செல்கிறோம். எங்கள் இருவருக்கும் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தண்ணீர் கொடுப்பதையும் சமைத்துக் கொடுப்பதையும் தவிர நாங்கள் செய்யக்கூடியது என்ன?
– வாசகி, சுன்னாகம்

பதில்: எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டியை ஒட்டி நடக்கும் வீதியோட்டம் எதையும் மரதன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், எனவே அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். மரதன் என்பது 42.195 கிலோமீற்றர். ஏழு மரதன் சேர்ந்தால் 295 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ஏ-9 வீதியின் நீளம் ஏறத்தாழ 321 கிலோமீற்றர் ஆகையால், உங்கள் தம்பியின் ஏழாம் நாள் மாத்தளையை அண்டி முடியும். முதல் நாள் பளைக்கும் ஆனையிறவுக்கும் இடையிலும், இரண்டாம் நாள் முறிகண்டியைக் கடந்தும், நான்காம் நாள் மதவாச்சிப் பக்கமாகவும் முடியக்கூடும். இந்தக் கணக்கை இன்றைக்கே வரைபடத்தில் போட்டுப் பார்த்து, ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது என்பதை முடிவு செய்துவிடுங்கள். ஓட்டம் நின்ற இடத்திலேயே தங்குமிடம் கிடைக்க வேண்டும் என்பதில்லை. அந்த இடத்திலுள்ள கிலோமீற்றர் கல்லைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வானில் போய்த் தூங்கிவிட்டு, மறுநாள் அதே கல்லடியிலிருந்து தொடங்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் ஆறு நாளும் பெரும்பாலும் சமதரை, ஆறாம் நாள் தம்புள்ளைப் பக்கமாக முடிந்த பின்னர்தான் வீதி மலைநாட்டை நோக்கி ஏறத் தொடங்குகிறது. ஆகவே மிகக் கடினமான நாள் கடைசி நாள் என்பதைத் தம்பியும் நீங்களும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு ஓடுபவருக்குக் கால் களைப்பதைப் போலவே தலையும் களைத்துவிடும். வாழைப்பழம் வேண்டுமா, பாண் வேண்டுமா என்ற சிறிய கேள்விக்கே அவரால் பதில் சொல்ல முடியாமற் போகும். "ஒன்றும் வேண்டாம்" என்பார், நீங்களும் அதை நம்பிவிடுவீர்கள், ஒரு மணித்தியாலம் கழித்து அவர் வீதியோரத்தில் தள்ளாடி நிற்பார். ஓடுவதைத் தவிர வேறெந்த முடிவையும் எடுக்க வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவராமல் இருப்பதே துணை செல்பவரின் முதல் வேலை. எத்தனை மணிக்கு எழும்புவது, எந்தக் காலுறையைப் போடுவது, எங்கே நிற்பது, என்ன சாப்பிடுவது ஆகிய அனைத்தும் முன்னரே எழுதப்பட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். கேள்வி கேட்காமல் கையில் கொடுங்கள். வேண்டாமென்றால் அவரே திருப்பித் தருவார். ஒரு கொப்பியை வைத்து, ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடல் எடை, சாப்பிட்டது, குடித்தது, தூங்கிய நேரம், சிறுநீரின் நிறம், நோவு இருக்கும் இடம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாளில் அவருடைய நினைவையோ உங்கள் நினைவையோ நம்ப முடியாது, கொப்பியை நம்பலாம்.

வான் எப்படிச் செல்ல வேண்டும் என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். ஓடுபவருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு செல்வது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் ஏ-9 வீதியில் பஸ்களும் லொறிகளும் வரும் வேகத்தில், ஊரும் வான் ஒன்று முந்திச் செல்லும் வாகனங்களை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. எங்கள் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், ஓடுபவர் எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டு வலப்பக்க ஓரமாக ஓட வேண்டும். வான் இரண்டு அல்லது மூன்று கிலோமீற்றர் முன்னே போய், தார் வீதியை விட்டு முற்றாக இறங்கி நிற்கட்டும். புற்றுநோயால் ஒரு காலை இழந்த ரெரி ஃபொக்ஸ், 1980ஆம் ஆண்டில் செயற்கைக் காலுடன் கனடாவின் குறுக்கே நாளுக்கு ஏறத்தாழ ஒரு மரதன் தூரம் ஓடியபோது, அவருடைய நண்பர் டக் ஓல்வார்ட் ஒவ்வொரு மைலாக வானை முன்னே கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தார். வான் இடப்பக்கம் நிற்க ஓடுபவர் வலப்பக்கம் வருவதால், யாராவது ஒருவர் வீதியைக் கடந்தாக வேண்டும். அவர் ஒருபோதும் உங்கள் தம்பியாக இருக்கக் கூடாது. களைத்தவருக்கு வாகனத்தின் தூரமும் வேகமும் சரியாகத் தெரியாது. அவர் வருவதற்கு முன்னரே நீங்கள் கடந்துபோய், தண்ணீரும் உணவும் கையிலிருக்க அந்தப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். விடிவதற்கு முன் தொடங்கினால் அவருக்கும் உங்களுக்கும் ஒளி தெறிக்கும் மேலங்கியும் தலைவிளக்கும் கட்டாயம். வீதியில் படுத்திருக்கும் மாடுகளும், வன்னிக் காட்டுப் பகுதியில் யானைகளும் இருப்பதால், முறிகண்டிக்கும் ஓமந்தைக்கும் இடையில் மட்டும் நன்றாக வெளித்த பின்னர் தொடங்குவதே நல்லது. வழியிலுள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் ஒரு கடிதம் முன்கூட்டியே போகட்டும்.

மலசலகூட வசதி எங்கெங்கே உண்டு என்பதையும் குறித்து வையுங்கள். அவசரம் என்று பற்றைக்குள் இறங்குவது நெடுந்தூர ஓட்டக்காரர் வழக்கம். முகமாலைப் பக்கத்தில் அது கூடவே கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் வீதியின் ஓரத்தைத் தாண்டி ஓரடி கூட வைக்க வேண்டாம் என்று வெளியூரிலிருந்து வந்து சேரும் நண்பர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஆனையிறவில் இருபுறமும் நீரேரி, நிழல் கிடையாது. அந்தப் பகுதி வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடும்படி இரண்டாம் நாளின் தொடக்க நேரத்தை அமைக்க வேண்டும். தை மாதத்தில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் தெற்கே ஓடுபவருக்கு அது முதுகுக் காற்று. ஓட்டம் இலேசாக இருக்கும். ஆனால் முகத்தில் காற்றுப் படாததால் வியர்வை விரைவில் காயாது, வழக்கத்தைவிடச் சூடு ஏறும். ரெஜிபோம் பெட்டியில் ஐஸும், நனைத்துக் கழுத்தில் போடச் சிறிய துவாய்களும் வைத்திருங்கள். ஆடி மாதத்தில் ஓடுபவர்களுக்குச் சோளகம் எதிர்க்காற்றாக வரும். அது வேறொரு கதை.

உணவைப் பொறுத்தவரை, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு மரதனுக்கு ஏறத்தாழ 2,500 கலோரி செலவாகிறது. அன்றாடத் தேவைக்கு மேலதிகமாக இது ஏழு நாளும் உள்ளே போக வேண்டும். ஓடும்போது மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து தேவை. நடுத்தர அளவான வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. கதலி என்றால் இரண்டு வேண்டியிருக்கும். பனங்கட்டித் துண்டு வாயில் கரையும், வயிற்றைக் குழப்பாது, பெரும்பகுதி சர்க்கரைதான். கடையில் விற்கும் ஜெல் பொதிகளை விட எங்கள் பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது என்பது என் அனுபவம். உப்புப் போட்டுக் குழைத்த சோற்று உருண்டையும் நல்லது. ஓடி முடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன் என்று முழுச் சாப்பாடு கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் இருவரல்ல, மூவராகச் செல்ல வேண்டும் என்கிறேன். ஒருவர் முன்னே போய்ச் சமையலைப் பார்க்கட்டும். ஒடியற் கூழை மாத்தளை கண்ட பிறகு ஆசை தீரக் காய்ச்சிக் கொடுங்கள். உறைப்பும் நார்ச்சத்தும் நிறைந்த எதுவும் இடையில் வேண்டாம்.

பாதங்களை ஒவ்வொரு மாலையும் நீங்களே பார்க்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. நாட்கள் செல்லச் செல்லப் பாதம் வீங்குவதால் ஓரளவு பெரிய சப்பாத்து ஒரு சோடி கூடுதலாக இருக்கட்டும். ஈரக் காலுறையை நடுவழியில் மாற்றுங்கள். விரலிடுக்கிலும் தொடையிலும் அக்குளிலும் ஓடுவதற்கு முன்பே வசிலின் பூச வேண்டும். கொப்புளம் பெரிதாகி அழுத்தினால், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேற்தோலை உரிக்காமல் பிளாஸ்ரர் போடுங்கள்.

கடைசியாக உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாலை மூன்று மணிக்கு எழும்பிப் பகல் முழுவதும் இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு தடவை வானை நிறுத்தி எடுப்பவர், நான்காம் நாளில் ஓடுபவரைவிட அபாயமான நிலையில் இருப்பார். இரண்டாவது சாரதி ஒருவர் இல்லாமல் புறப்பட வேண்டாம்.

கேள்வி: நண்பன் ஒருவனின் தொடர் மரதன் முயற்சியில் நான் சைக்கிளில் பக்கத்தில் செல்லப் போகிறேன். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தண்ணீர் குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டும் என்கிறார்கள். இளநீர் மட்டும் கொடுத்தால் போதும் என்றும் ஒருவர் சொன்னார். எது சரி?
– வாசகர், கைதடி

பதில்: இரண்டும் சரியல்ல. வியர்வையோடு நீரும் போகிறது, உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்திலுள்ள சோடியம் ஐதாகி, மூளை வீங்கும் அளவுக்கு ஆபத்து வரலாம். 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, அவர்களில் 13 வீதமானவர்களுக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடமே அது அதிகமாகக் காணப்பட்டது. தண்ணீர் குறைந்தால்தான் ஆபத்து என்று வளர்ந்த எங்களுக்கு இது நம்பக் கடினமான செய்தி. ஆனால் வீதியில் கூடச் செல்பவர் இதை மறக்கவே கூடாது.

தாகத்துக்குக் குடிக்க விடுங்கள். மணித்தியாலத்துக்கு 400 முதல் 800 மில்லிலீற்றர் வரை பெரும்பாலானோருக்குப் போதும். உங்கள் நண்பருக்கு எவ்வளவு என்பதைத் தராசு சொல்லும். ஓடிய பின் எடை ஓரளவு குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறார். இரண்டு வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த நாள் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் மிகக் குறைவு. ஆகவே இழந்த உப்பை அது மட்டும் ஈடு செய்யாது. ஜீவனியை (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரேற்றுத் தூள்) பொதியில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்து, தண்ணீரோடு மாறி மாறிக் கொடுங்கள். இனிப்பு சலித்துவிட்டால் உப்பும் தேசிக்காய்ச் சாறும் விட்ட மோர் நன்றாக இறங்கும். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, தலையிடி, வாந்தி, பேச்சுக் குழறல் ஆகியவற்றைக் கண்டால் வெறும் தண்ணீரைத் தொடர்ந்து புகட்டாமல் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் சைக்கிள் பையில் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற நோவு மாத்திரைகள் இருக்கவே கூடாது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும்போது தசை இழைகள் சிதைந்து அவற்றின் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அதை வெளியேற்றச் சிறுநீரகங்கள் பாடுபடும் வேளையில், நீரிழப்பும் இந்த மாத்திரைகளும் சேர்ந்தால் அவை செயலிழக்கலாம். சிறுநீர் கொக்கா கோலா நிறத்தில் போனால் அன்றோடு ஓட்டம் நிற்க வேண்டும். பிரித்தானிய நகைச்சுவைக் கலைஞர் எடி இசார்ட், தென்னாபிரிக்காவில் 27 நாட்களில் 27 மரதன் ஓட 2012இல் முயன்றபோது உடல்நிலை காரணமாக நான்கு மரதன்களோடு நிறுத்த நேர்ந்தது. 2016இல் திரும்பி வந்தபோதும் தொடக்க நாட்களிலேயே ஒரு நாளை வைத்தியசாலைக்குக் கொடுத்தார். விடுபட்ட மரதனைக் கடைசி நாளில் சேர்த்து ஓடி முடித்தார். நிறுத்தியதனால்தான் அவர் திரும்பி வர முடிந்தது.

கேள்வி: என் கணவர் ஐந்து நாள் ஓட்டம் ஒன்றுக்குத் தயாராகிறார். நடுவில் அவர் நிலை மோசமாகத் தெரிந்தால் நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா? பிடிவாதக்காரர், நான் சொல்லிக் கேட்பாரா என்பது சந்தேகம். எல்லோருடைய முயற்சியையும் நான் கெடுத்துவிட்டதாக ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, பருத்தித்துறை

பதில்: உரிமை உண்டு, சகோதரி. ஆனால் அந்த உரிமையை வீதியில் நின்று கேட்டுப் பெற முடியாது. வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் தெளிவாக இருக்கும் வேளையில், அவர் கையாலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். இன்னின்ன அறிகுறி கண்டால் நிறுத்துவேன், இன்னார் சொன்னால் மறுபேச்சின்றி வானில் ஏறுவேன் என்று எழுதி அவர் ஒப்பமிடட்டும். அந்த "இன்னார்" ஒருவராக மட்டும் இருக்க வேண்டும். கூடி நின்று வாக்கெடுக்கும் இடத்தில் எப்போதும் "இன்னும் கொஞ்சத் தூரம் பார்ப்போம்" என்பதே வெல்லும்.

இதை நான் வருத்தத்தோடு கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஓர் இளைஞர் பல நாள் ஓட்டமொன்றில் ஈடுபட்டபோது நான் கூடப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவர் ஒரு காலைச் சற்று இழுத்து ஓடுவதைக் கண்டேன். "முடியுமா?" என்று கேட்டேன், "முடியும் சேர்" என்றார். அன்று முழுவதும் ஐந்தாறு தடவை கேட்டேன், ஒவ்வொரு தடவையும் அதே பதில். ஆசிரியர் என்ற என் தகுதியே அவரை அப்படிச் சொல்ல வைத்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. மாலையில் அவரால் கால் ஊன்ற முடியவில்லை. கெண்டைக்காலின் முன்னெலும்பில் வெடிப்பு. அந்தக் கேள்வியையே நான் கேட்டிருக்கக் கூடாது. ஓடுபவரிடம் முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார். கேட்பதற்குப் பதிலாகப் பாருங்கள்: நடை ஒரு பக்கம் சாய்கிறதா, எலும்பில் ஓரிடத்தை விரலால் அழுத்தினால் துடிக்கிறாரா, நோவு ஓடத் தொடங்கியபின் குறைகிறதா கூடுகிறதா. தசை நோவு பொதுவாக இரண்டு காலிலும் பரவலாக இருக்கும், உடல் சூடானதும் சற்று இளகும். ஒரே இடத்தில் குத்தி, ஓட ஓடக் கூடும் நோவு நிறுத்த வேண்டிய நோவு.

இவற்றிலெல்லாம் யோசிக்கச் சற்று நேரமுண்டு. வெப்பத் தாக்கத்தில் இல்லை. தடுமாறுகிறார், பொருத்தமில்லாமல் பேசுகிறார், கோபப்படுகிறார், உங்களை அடையாளம் காணச் சுணங்குகிறார் என்றால், வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் உடற்சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழைக்கச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் கவட்டிலும் ஐஸை வைத்து விசிறுங்கள். முதலில் குளிரச் செய்ய வேண்டும், அதன் பிறகே ஏற்றிச் செல்ல வேண்டும். அந்த முதல் அரை மணித்தியாலம் உங்கள் கையில் இருக்கிறது.

முயற்சியைக் கெடுத்தவளாக ஆகிவிடுவேனோ என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன ரெரி ஃபொக்ஸ், 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பின், 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி தண்டர் பே நகருக்கு அருகில் நெஞ்சு நோவோடு வானில் ஏறி, தன்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி நண்பரிடம் சொன்னார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. கடலிலிருந்து கடலுக்கு என்று தொடங்கிய ஓட்டம் பாதி வழியைத் தாண்டி நின்றது. அதை எவரும் தோல்வி என்று சொல்லவில்லை, இன்றும் அவர் பெயரால் உலகெங்கும் ஆண்டுதோறும் மக்கள் ஓடுகிறார்கள். அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் நண்பர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் அளவுக்குப் பிணக்கு முற்றி, பெற்றோர் ஹலிஃபக்ஸுக்குப் பறந்து வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். களைப்பில் அவர் உங்களைக் கடிந்துகொள்வார். அதை அன்றிரவே மறந்துவிடுங்கள்; கொப்பியில் மட்டும் "எரிச்சல் கூடுதல்" என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதுவும் ஓர் அறிகுறி.

கேள்வி: ஓட்டக்காரர் எங்கள் ஊர் வழியாக வரும்போது சனசமூக நிலையம் சார்பில் மாலை, பொன்னாடை, நாதஸ்வரம், சிறு கூட்டம் என்று வரவேற்க நினைக்கிறோம். சரிதானே?
– வாசகர், கொடிகாமம்

பதில்: அன்பு சரி, நேரம் சரியல்ல. ஓடிக்கொண்டிருப்பவரைக் கால் மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் தசைகள் இறுகிவிடும். மீண்டும் தொடங்கும் முதல் ஒரு கிலோமீற்றர் அவருக்குத் தண்டனை. முதற் கேள்வியிலுள்ள தம்பியைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குபவர் கொடிகாமத்தில் அன்றைய தூரத்தின் பாதியளவில் இருப்பார். வீதியின் வலப்பக்க ஓரத்தில் வரிசையாக நின்று கைதட்டுங்கள், நாதஸ்வரமும் அங்கேயே ஒலிக்கட்டும், அவர் நிற்காமல் கடந்து போகட்டும். உண்டியல் பெட்டியை வானில் வருபவர்களிடம் கொடுங்கள். பிள்ளைகள் கூட ஓட ஆசைப்பட்டால், பொலிஸாரிடம் முன்கூட்டியே சொல்லி, ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் அரைக் கிலோமீற்றர் ஓடலாம். மாலையையும் பொன்னாடையையும் பளைக்கப்பால் அன்றைய ஓட்டம் முடியும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, உட்கார்ந்திருப்பவருக்கே அதைப் போடுங்கள்.